ஆர்கானிக் காய்கறிக்கு இரட்டை விலை கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் தெருமுனையில் புதிதாக ஆர்கானிக் கடை வந்திருக்கிறது. கத்தரி, வெண்டை எல்லாம் மார்க்கெட்டைவிட இரண்டு மடங்கு விலை. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருப்பதால் வாங்கத் தோன்றுகிறது, ஆனால் மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. எல்லாவற்றையும் அங்கேயே வாங்க வேண்டுமா? உண்மையான ஆர்கானிக்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகி, திருச்சி

பதில்: எல்லாவற்றையும் அங்கே வாங்க வேண்டாம். விலைக்குப் பயந்து காய்கறியையே குறைத்துவிட்டால் அதுதான் குழந்தைக்கு நஷ்டம். ஆர்கானிக் காயில் சத்து கூடுதல் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றுதான் 2012இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னார்கள். பூச்சிமருந்து எச்சம் அதில் குறைவு என்றும் அவர்களே சொன்னார்கள். ஆகவே, எச்சம் எதில் அதிகம் வருமோ அதற்கு மட்டும் கூடுதல் காசு கொடுங்கள்.

வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பார்கள். மருந்தடித்தபின் இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. காய் முற்றிவிடும் என்ற அவசரத்தில் பலர் அதைப் பார்ப்பதில்லை. காய்ப்புழுவுக்காகத் திரும்பத் திரும்ப மருந்து வாங்கும் கத்தரியும் அப்படித்தான். காலிஃபிளவர், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி ஆகியவற்றையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். சேனை, வாழைப்பூ, வாழைத்தண்டு, தேங்காய், முருங்கைக்கீரைக்கெல்லாம் இரட்டை விலை தேவையில்லை; உழவர் சந்தையிலேயே வாங்குங்கள்.

சாதாரணக் காயை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கறிவேப்பிலையைப் புளிக்கரைசலில் கால் மணி நேரம் ஊறவைத்து அலசலாம். மேலே படிந்தது பெரும்பாலும் போய்விடும். செடிக்குள் ஊடுருவும் மருந்து மட்டும் கழுவினாலும் போகாது.

சரி, கடையை எப்படி நம்புவது? பாக்கெட்டில் வருவது என்றால் ஆர்கானிக் உணவுக்கான அரசு முத்திரையான ஜைவிக் பாரத், அதோடு எந்த முறையில் சான்று பெற்றது என்று காட்டும் இந்தியா ஆர்கானிக் அல்லது பி.ஜி.எஸ். இந்தியா முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 'இயற்கை', 'நாட்டு', 'பாரம்பரிய' என்று அச்சடித்திருப்பது மட்டும் சான்று ஆகாது. புழு கடித்த ஓட்டையும் சான்று இல்லை. புழு வந்த பிறகும் மருந்தடிப்பார்கள். உதிரியாக விற்றால், எந்தத் தோட்டத்துக் காய், அதற்குச் சான்றிதழ் உண்டா என்று கேளுங்கள். எல்லாமே திருச்சிப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் விளைந்தது என்று சொல்லிக்கொண்டே ஊட்டி கேரட்டும் அடுக்கியிருந்தால் அங்கே வாங்காதீர்கள்.

நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குச் சான்றிதழ் கட்டாயமில்லை. அவரிடம், "கத்தரியில் புழு வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசல், ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி, புழு பிடித்த நுனியைக் கிள்ளிப் போடுவது என்று அவர் விவரமாகச் சொன்னால் தைரியமாக வாங்கலாம். "எங்கள் தோட்டத்தில் பூச்சியே வராது" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.