தசை உருவச் சிலையைப் பார்த்துக் கீறினால் ஆள் உருவம் கீற வருமா?

உயர்தரத்துக்குச் சித்திரம் எடுக்கிற ஒருவர், தோல் உரித்த தசை உருவச் சிலையை நாளாந்தம் பார்த்துக் கீறினால் போதுமோ என்று கேட்டிருக்கிறார்.

போதாது. பார்த்துக் கொப்பியடிக்கிறதால் சிலையைத்தான் கீற வரும், ஆளைக் கீற வராது. இந்த வகையில் பேர்போனது பிரெஞ்சுச் சிற்பி ஊடோன் 1767இல் உரோமில் செய்த உருவம். திருமுழுக்கு யோவான் சிலை ஒன்றுக்கான பயிற்சியாகத்தான் அதைச் செய்தார். பிறகு அதன் பிளாஸ்டர் வார்ப்புகள் கலைக்கூடங்களில் பாடப்பொருளாகிவிட்டன. படங்கள் இணையத்தில் கிடைக்கும், அதுவே காணும்.

முதலில் தசையைத் தொடாதேயுங்கோ. தோலுக்குக் கீழே என்பு முட்டுகிற இடங்களை மட்டும் புள்ளி வையுங்கோ: காறை என்பின் இரண்டு முனை, முழங்கை நுனி, இடுப்பின் முன்முனை, முழங்காற் சில்லு, கணுக்கால். ஆள் மெலிவோ பருமனோ, பிடிமானம் இந்த இடங்கள்தான். உள்கணு வெளிக்கணுவைவிட உயர நிற்கும். இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்தால் பாதம் ஒட்டவைத்தமாதிரி இருக்கும்.

கூட நேரம் முன்கைக்குக் கொடுங்கோ, கனபேர் சறுக்குகிறது அங்கேதான். உங்கட முழங்கை நுனியில் விரலை வைத்து, சின்னவிரல் பக்கமாக மணிக்கட்டு மட்டும் இழுத்துப் பாருங்கோ. வழிநெடுக என்பு தட்டுப்படும். அதுதான் அரந்தி. விரலை மடக்குகிற தசைகள் அதற்கு ஒரு பக்கம், நீட்டுகிற தசைகள் மற்றப் பக்கம். உள்ளங்கையைக் கவிழ்த்தால் அரந்தி கிட்டத்தட்ட அசையாது, முன்கையின் மற்ற என்பு, பெருவிரல் பக்கத்து ஆரை, அதன்மேல் குறுக்காகப் போய்விடும். தசைகளும் கூடவே முறுகும். மலர்த்திய கையின் தசைகளைக் கவிழ்த்த கையில் கீறினால் முறுக்கம் வராது, கை மரக்கட்டை.

அடுத்தது, எல்லாத் தசைக்கும் ஒரே தடிப்பில் கோடு போடுகிற பழக்கம். உருவம் பனங்கிழங்குக் கட்டாகிவிடும். சிலையில் எல்லாம் ஒரேயடியாகத் தெரியும். உயிருள்ள ஆளில் வேலை செய்கிற தசை திரளும், எதிர்த்தசை பெரும்பாலும் தளரும், மிச்சத்தைக் கொழுப்பு மூடும்.

அதனால் கரைவலை இழுக்கிறவரின் படம் ஒன்றை எடுத்து, மேலே றேசிங் பேப்பர் வைத்து, சிவப்பில் என்புப் புள்ளிகளும் நீலத்தில் தசையும் போடுங்கோ. பிறகு சிலையோடு ஒப்பிடுங்கோ. தசை பொருந்தாவிட்டால் முதலில் முழங்கைப் புள்ளியைச் சரிபாருங்கோ.

களியில் செய்ய விரும்பினால், தலை 4 சென்ரிமீற்றர், ஆள் ஏழரைத் தலை, மொத்தம் 30 சென்ரிமீற்றர். களியை உள்ளிருந்து தாங்கக் கட்டுக்கம்பி போதாது; 3 மில்லிமீற்றர் அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்குங்கோ. எண்ணெய்க் களி எங்கட வெயிலில் இளகிச் சரியும், நிழலில் வையுங்கோ. முழு உருவம் பிறகு பார்க்கலாம், முதலில் ஒரு கை.