இரவு நேரக் கடையில் தகராறு: ஜியு-ஜிட்சு கைகொடுக்குமா?

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலை உணவகத்தில் இரவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 41. வார இறுதியில் குடித்துவிட்டு வருகிறவர்கள் பில் தொகைக்காகவோ, பக்கத்து மேசைக்காரர் முறைத்தார் என்றோ தகராறு செய்கிறார்கள். சென்ற மாதம் ஒருவர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கற்றுக்கொண்டால் அடிக்காமலேயே ஆளை அடக்கலாம் என்கிறார் நண்பர். உண்மையா? எனக்கு இடது முழங்காலில் வலி உண்டு. போலீஸ், வழக்கு என்று வந்தால் மாட்டிக்கொள்வேனா? (வாசகர், செந்தூல்)

பதில்: உங்கள் நண்பர் சொன்னது பாதி உண்மை. அடிக்காமல் ஒருவரை அடக்க இந்தக் கலையைப் போல வழி சொல்வது வேறொன்றும் இல்லை என்றே நானும் சொல்வேன். ஆனால் மேசை நாற்காலிகளுக்கு நடுவே, வழுக்கும் ஓட்டுத் தரையில், அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர் எழுந்து நிற்கும்போது அடக்க முடியுமா என்பது வேறு கேள்வி.

பெயரில் பிரேசில் இருந்தாலும் இதன் வேர் ஜப்பானிய ஜூடோ. டோக்கியோவின் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியில் தேர்ந்த மிட்சுயோ மாயேடா 1914இல் பிரேசிலுக்குப் போனார். அவர் கற்பித்ததை வைத்து கார்லோஸ் கிரேசியும் தம்பி ஹெலியோவும் தரையில் மடக்கிப் பிடிக்கும் பகுதியைத் தனிக் கலையாகவே வளர்த்துவிட்டார்கள். ஹெலியோவின் மகன் ராய்ஸ் 1993இல் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி (பல தற்காப்புக் கலையினர் மோதும்) போட்டியில் ஒரே இரவில் மூன்று பேரை வென்றார். இன்று கோலாலம்பூரில் யாரைக் கேட்டாலும் "தரைக்குக் கொண்டுபோ, முடித்துவிடலாம்" என்று சொல்வதற்கு அந்த இரவுதான் காரணம். ஆனால் அந்தப் போட்டியில் ஒருவருக்கு எதிரே ஒருவர்தான், அருகில் நடுவர், யார் கையிலும் ஆயுதம் இல்லை. உங்கள் கடையில் ஒவ்வொரு மேசையிலும் கண்ணாடி பாட்டில் இருக்கிறது. ஆகவே நீங்களாகத் தரைக்குப் போகாதீர்கள். முதுகு தரையில் பட்டபடி கால்களால் எதிரியைக் கட்டும் 'கார்ட்' நிலை பயிற்சிக்கூடத்தில் அழகு. கடையில் அது விழுந்துவிட்டவனின் கடைசிப் புகலிடம், அவ்வளவே.

பின் எதற்குக் கற்க வேண்டும்? பதற்றத்துக்காகத்தான். 'ரோலிங்' என்கிற பயிற்சி மோதலில் தொண்ணூறு கிலோ ஆள் உங்கள் மார்பில் ஏறி உட்காருவார். முதல் வாரம் மூச்சு திணறும், கண் இருட்டும், இருக்கிற பலத்தையெல்லாம் ஒரே நிமிடத்தில் கொட்டிவிடுவீர்கள். சில மாதங்களில் அதே எடைக்குக் கீழே நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு, எந்தக் கையை எங்கே வைக்கலாம் என்று யோசிக்கத் தொடங்குவீர்கள். சட்டையைப் பிடித்ததும் கை தானாக ஓங்குவது கோபத்தால் மட்டும் அல்ல, பிடிபட்ட பழக்கம் இல்லாததாலும்தான். நூறு முறை பிடிபட்டவருக்கு நூற்றியோராவது பிடி செய்தியே அல்ல. அந்த நிதானம் உங்கள் முகத்தில் தெரியும். குடித்திருப்பவர்கூட அதைப் படித்துவிடுவார்.

இனி பேச்சு. இதைப் பயிற்சிக்கூடங்கள் போதிய அளவு சொல்லித்தருவதில்லை என்பது என் குறை. இரண்டு கை நீளம் தள்ளி, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக நில்லுங்கள். உள்ளங்கைகள் திறந்து மார்பு உயரத்தில் இருக்கட்டும். பார்ப்பவருக்கு அது சமாதானமாகத் தெரியும். அடி வந்தால் தடுக்கவும் அந்தக் கைகளே தயாராக இருக்கும். வாசலை மறைக்காதீர்கள். "அமைதியாக இருங்கள்" என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்டு அமைதியான குடிகாரரை நான் பார்த்ததில்லை. "அண்ணே, இங்கே சத்தமாக இருக்கிறது, வெளியே வாருங்கள், என்னவென்று சொல்லுங்கள்" என்றால் அவர் மானத்தோடு எழுந்து வர ஒரு வழி கிடைக்கிறது. உங்களைவிடச் சிறியவராக இருந்தாலும் அந்த நேரத்தில் அவர் அண்ணன்தான். மேசையில் குறைவாகக் குடித்த ஒருவர் எப்போதும் இருப்பார். அவரைக் கண்டுபிடித்து அவரிடம் பேசுங்கள். நீங்கள் சொன்னால் கேட்காதவர் கூட்டாளி சொன்னால் கேட்பார்.

பில் விஷயத்தை முதலாளியோடு முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். எத்தனை ரிங்கிட் வரை விட்டுவிடலாம் என்று உங்களுக்கு அதிகாரம் தரச் சொல்லுங்கள். நாற்பது ரிங்கிட்டுக்காக முன்பல்லை இழப்பது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லை. இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன்களைத் தகராறுக்கு நடுவே அனுப்பாதீர்கள். அடிதடி வழக்கில் பெயர் வந்தால் உங்களுக்கு அலைச்சல், அவர்களுக்கு வேலை அனுமதியே போகலாம்.

பேச்சு தோற்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டார் என்றால் பின்னால் இழுக்காதீர்கள். இழுத்தால் உங்கள் சமநிலைதான் போகும். தாடையைத் தாழ்த்தி, இரு கைகளாலும் அவருடைய ஒரு மணிக்கட்டைப் பிடித்து, பக்கவாட்டில் ஓர் அடி வையுங்கள். அங்கிருந்து அவர் முதுகுப் பக்கம் போய், இடுப்பைச் சுற்றிக் கைகளைக் கோத்து, தலையை அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டால் அவரால் உங்களைக் குத்துவது மிகக் கடினம். அப்படியே வாசல் வரை நடத்திப் போகலாம். கண்காணிப்புக் கேமராவில் பார்த்தாலும் நீங்கள் யாரையும் அடிக்கவில்லை என்பது தெளிவாகத் தெரியும். மளமளவென்று எழுதிவிட்டேன், கை பழக மாதக்கணக்கில் ஆகும்.

கழுத்தை நெரிக்கும் பிடிகளைக் கடையில் மறந்துவிடுங்கள். கழுத்தின் இருபக்க ரத்தக்குழாய்களும் சரியாக அழுத்தப்பட்டால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பும். வயிறு முட்டக் குடித்தவர் மயங்கிய நிலையில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் போய் உயிரையே வாங்கும். ஆள் விழுந்துவிட்டால் குப்புறப் போட்டு முதுகில் ஏறி உட்காரவும் கூடாது. மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. திமிறுவது நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கத்தியோ உடைந்த பாட்டிலோ தெரிந்தால் எல்லாக் கலையையும் விட்டுவிட்டு ஆட்களை வெளியேற்றி, 999ஐ அழையுங்கள்.

சட்டம்: மலேசியக் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 96 முதல் 106 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. கூடவே 99ஆம் பிரிவு போடும் எல்லைகளில் இரண்டு உங்களுக்கு முக்கியம். தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமையே எழாது. 102ஆம் பிரிவின்படி ஆபத்து குறித்த அச்சம் நீடிக்கும் வரைதான் உரிமையும் நீடிக்கும். அவர் தளர்ந்த பிறகு ஒரு குத்து விட்டால் அது தற்காப்பு அல்ல, 323ஆம் பிரிவின் கீழ் காயம் விளைவித்த குற்றமாகலாம். எதுவும் நடந்தால் அன்றிரவே போலீஸ் புகார் செய்துவிடுங்கள். கேமரா பதிவை உடனே நகல் எடுங்கள். பல கருவிகளில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும், என்னை அல்ல.

முழங்காலை முதலில் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். பயிற்சியாளரிடமும் கூடப் பயில்பவரிடமும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். கால் முறுக்குப் பிடிகளில் வலி தெரிவதற்குள் தசைநார் கிழிந்துவிடலாம், ஆகவே அவற்றில் உடனே 'டேப்' செய்துவிடுங்கள், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு வகுப்பு உங்கள் வயதுக்குப் போதும். சேருவதற்கு முன் ஒரு வகுப்பைப் பார்க்க அனுமதி கேளுங்கள். நின்ற நிலையில் பிடி விடுவிக்கவும், குத்து வரும்போது நெருங்கவும், விழுந்தால் எழவும் கற்பிக்கிறார்களா என்று கேளுங்கள். "நாங்கள் போட்டிக்கு மட்டும்தான் தயார் செய்கிறோம்" என்று நேர்மையாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த இடத்தைப் பாருங்கள். புதியவர் மேல் பலத்தைக் காட்டும் மூத்த மாணவரைப் பயிற்சியாளர் கண்டிக்காமல் விட்டாலும் அப்படித்தான்.