பென்சில்வேனியாவில் சொந்தக் காட்டு நிலத்தில் மான்களுக்கான தீவன வயல்: எந்த விதையை வாங்குவது?

வடக்குப் பென்சில்வேனியாவில் 12 ஏக்கர் காட்டு நிலம் வாங்கியிருக்கிறீர்கள். அங்கே நடமாடும் வெள்ளைவால் மான்களுக்காக ஒரு மூலையைத் திருத்தி, இங்கே ‘ஃபுட் பிளாட்’ என்று சொல்லப்படும் தீவன வயல் ஒன்றை அமைக்க விரும்புகிறீர்கள். எந்த விதைக் கலவை சிறந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே மாநிலத்தில் சிறிய அளவில் அப்படி ஒரு வயலைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விதை வாங்குவது இந்த வேலையில் கடைசியாகச் செய்ய வேண்டியது. மண்ணின் புளிப்பும், தரையில் விழும் வெயிலும், அந்த இடத்தில் உள்ள மான்களின் எண்ணிக்கையும் சரியாக இருந்தால் கடையில் கிடைக்கும் மிகச் சாதாரண விதையே போதும். அவை சரியில்லை என்றால், பையின் மேல் எவ்வளவு பெரிய கொம்புள்ள கலைமான் படம் அச்சிடப்பட்டிருந்தாலும் பயனில்லை.

மான் மாட்டைப் போல மேய்கிற விலங்கு அன்று என்பதை முதலில் கருத்தில் கொள்ள வேண்டும். அசைபோடும் நான்கறை வயிறு அதற்கும் உண்டு என்றாலும், புல்லை வாரி நிரப்பிக்கொள்ளும் அமைப்பு அதற்கு இல்லை. குறுகிய வாயால் துளிர், மொட்டு, அகன்ற இலைச் செடி, ஓக் மரக் கொட்டை என்று சத்து மிகுந்தவற்றைப் பொறுக்கித் தின்னும் இயல்புடையது. அதன் தேவையும் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஆண் மானுக்குக் கொம்பு வளர்கிறது. பெண் மான் மே, ஜூன் மாதங்களில் குட்டி ஈன்று பாலூட்டுகிறது. ஆகவே அப்போது புரதம் மிகுதியாகத் தேவைப்படுகிறது. இலையுதிர் காலத்தில் ஓக் மரங்கள் நன்றாகக் காய்த்த ஆண்டாக இருந்தால், நீங்கள் பாடுபட்டு வளர்த்த வயலை மான்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெள்ளை ஓக் கொட்டைகளைத் தேடிக் காட்டுக்குள் போய்விடும். அதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. உண்மையான பஞ்சம் ஜனவரி கடைசியிலிருந்து காடு துளிர்க்கும் வரை நீடிப்பது. தீவன வயலால் நிறைக்கக்கூடிய இடைவெளிகள் இரண்டே: ஒன்று இந்தக் குளிர்காலக் கடைசி, மற்றொன்று காடு தழைப்பதற்குச் சற்று முன்பு தொடங்கும் இளவேனில். நான் பயிரைத் தேர்ந்தெடுப்பது இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத்தான்.

இடத்தைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரமாவது நேரடி வெயில் விழ வேண்டும். முன்பு மரம் வெட்டியவர்கள் கட்டைகளை அடுக்கி வைத்த திடலோ, வண்டி போன பழைய பாதையோ உங்கள் நிலத்தில் இருந்தால் அங்கிருந்து தொடங்குவது எளிது. சாலைக்கும் அண்டை வீட்டாரின் எல்லைக்கும் அருகில் வைக்காதீர்கள். மான்மீது கார் மோதும் விபத்துகள் மிகுதியாக நடக்கும் மாநிலங்களுள் இது ஒன்று. முதல் ஆண்டுக்குக் கால் ஏக்கர், அதாவது நம் ஊர்க் கணக்கில் 25 சென்ட், போதுமானது.

இனி மண். வடக்குப் பென்சில்வேனியாவின் மேட்டு நிலக் காட்டு மண் பெரும்பாலும் கடும் புளிப்பானது, பி.எச். அளவு (அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5-க்குக் கீழே இருப்பது அரிதன்று. குளோவர் போன்ற பயறு வகைத் தீவனங்களுக்கோ அந்த அளவு 6.5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேரை முடக்குகிறது. மணிச்சத்து மண்ணோடு பிணைந்து செடிக்கு எட்டாமல் போகிறது. குளோவரின் வேர் முடிச்சுகளில் தங்கித் தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் ரைசோபியம் நுண்ணுயிர்களும் நலிந்துவிடுகின்றன. இந்த நிலையில் எவ்வளவு உரம் போட்டாலும் அதில் பெரும்பங்கு வீணாகிறது என்பதால், செலவழிக்கும் முதல் பணம் மண் பரிசோதனைக்கும் அடுத்த பணம் சுண்ணாம்புக்கும் போக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் வேளாண் ஆய்வுக்கூடம் அஞ்சல் வழியாக மண் மாதிரி பெற்றுச் சோதித்துத் தருகிறது; உங்கள் கவுண்டியின் (மாவட்டத்தின்) வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் அதற்கான பை கிடைக்கும். வயலில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஆறு அங்குல ஆழம் வரை மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, என்ன பயிர் விதைக்கப் போகிறீர்கள் என்பதையும் குறித்து அனுப்பினால், ஏக்கருக்கு எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு உரம் என்று அறிக்கை வரும். எடுத்துக்காட்டாக ஏக்கருக்கு 2 டன் என்று வந்தால், கால் ஏக்கருக்கு அரை டன், அதாவது அமெரிக்கக் கணக்கில் 1,000 பவுண்டு. 40 பவுண்டு பைகளாக வாங்கினால் 25 பைகள். சுமந்து கொட்டக்கூடிய அளவுதான். வாங்க வேண்டியது பொடித்த சுண்ணாம்புக் கல்லே தவிர, கட்டட வேலைக்கான நீற்றுச் சுண்ணாம்பு அன்று. கல் பொடி மண்ணில் வேலை செய்ய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்பதால், இளவேனிலில் சுண்ணாம்பு இட்டு மண்ணோடு கலந்துவிட்டு, கோடையின் முடிவில் விதைப்பது நல்ல ஒழுங்கு. இடைப்பட்ட மாதங்களில் களைகளை அழித்துக்கொள்ளலாம். சும்மா விட மனமில்லை என்றால் பக்வீட் என்ற அகன்ற இலைத் தானியச் செடியை விதைக்கலாம். அது சில நாட்களிலேயே முளைத்துத் தரையை மூடிக் களையை அடக்கும், மான்களும் தின்னும்.

விதைக்கு வருகிறேன். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ, ஏக்கருக்கு ரை தானியம் 50 பவுண்டு, ஓட்ஸ் 50 பவுண்டு, வெள்ளைக் குளோவர் 8 பவுண்டு என்ற அளவில் விதைக்க வேண்டும் என்பதே என் பரிந்துரை. உங்கள் கால் ஏக்கருக்கு ரையும் ஓட்ஸும் பன்னிரண்டு பன்னிரண்டு பவுண்டுகள், குளோவர் இரண்டே பவுண்டுகள். ஓட்ஸ் விரைவில் முளைத்து இலையுதிர் காலத்தில் மான்களை ஈர்த்துவிட்டுக் கடும் உறைபனியில் மடிந்துவிடும். தானியப் பயிர்களிலேயே குளிரை மிகவும் தாங்கும் ரை, பனிக்கு அடியிலும் பச்சையாக நின்று, சற்றே வெப்பம் கூடினாலும் வளரத் தொடங்கி, நான் மேலே சொன்ன பஞ்ச காலத்தில் கைகொடுக்கும். அதன் நிழலில் மெதுவாக வேரூன்றும் குளோவர் மறு ஆண்டு ஏப்ரலில் தழைக்கும். மே கடைசியில், ரை முற்றிக் கதிர் கொட்டுவதற்கு முன்பு, அதை வெட்டிவிட்டால் குளோவர் வயலைத் தன்வசப்படுத்திக்கொள்ளும்.

கடையில் ரை என்று கேட்கும்போது ரை கிராஸ் என்ற புல் விதையைக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் ஒத்திருந்தாலும் அது வேறு செடி, ஒருமுறை இடம் பிடித்தால் களையாகவே நின்றுவிடும். ‘மான் கலவை’ என்று கவர்ச்சியாக விற்கப்படும் பைகள் பலவற்றில் இந்த மலிவான புல் கணிசமாகச் சேர்ந்திருப்பதைப் பின்புறச் சீட்டைப் படித்தால் காணலாம். முளைப்புத் திறன், களை விதை அளவு, சோதித்த தேதி ஆகியவை அந்தச் சீட்டில் இருக்கும். குளோவர் விதைக்கு மேற்பூச்சு இடப்பட்டிருந்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வெறும் பூச்சாகவே இருக்கலாம். அதற்கேற்ப அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும். உழவர்களுக்கான தீவனக் கடையில் ரையையும் ஓட்ஸையும் மூட்டையாக வாங்குவது எப்போதும் மலிவு. பூச்சில்லாத குளோவர் வாங்கினால், அதற்குரிய ரைசோபியம் உயிர் உரத்தைக் கேட்டு வாங்கி விதை நேர்த்தி செய்யுங்கள். ஒவ்வொரு பயறு வகைக்கும் உரிய இனம் வேறு என்பதால் சோயாவுக்கானது குளோவருக்கு உதவாது.

விதைக்கும் முறையில் ஒன்றைக் கவனித்தால் போதும். ரையும் ஓட்ஸும் ஓர் அங்குல ஆழத்தில் விழ வேண்டும். குளோவர் விதையோ கால் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் வெளியே வராது. ஆகவே தானியங்களை முதலில் தூவி லேசாகக் கிளறி மூடிவிட்டு, நிலத்தைப் பரம்படித்து இறுக்கி, அதன் பிறகு குளோவரைத் தூவி, மேலே உருளையோ வண்டிச் சக்கரமோ ஓட்டி அழுத்திவிட வேண்டும். மழைக்கு முந்தைய நாள் அமைந்தால் மிகவும் நல்லது. குளோவர் சில இடங்களில் சொட்டையாக இருந்தால், அடுத்த பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ உறைந்த தரைமீது மறுபடி தூவலாம். இரவில் உறைந்து பகலில் இளகும் மண் விதையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

டர்னிப், ரேப், கேல் முதலிய கடுகுக் குடும்பப் பயிர்களைப் பலரும் சொல்வார்கள். ஜூலை கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை விதைத்தால், உறைபனி பட்டபின் இலையில் சர்க்கரை கூடி மான்கள் விரும்பும். ஆனால் அவற்றுக்குத் தழைச்சத்து மிகுதியாக வேண்டும். அவற்றை முன்பின் அறியாத மான்கள் முதல் ஆண்டு தொடாமலே விடுவதும் உண்டு. ஒரே இடத்தில் ஆண்டுதோறும் விதைத்தால் வேர் நோய் சேரும். முதல் பயிராக அவற்றை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். அமெரிக்கத் தென் மாநிலங்களில் மானுக்காக விதைக்கப்படுபவற்றுள் நம் அவரையும் தட்டைப்பயறும் உண்டு என்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். வெப்பமான கோடைக்கு அவை அருமையான புரதத் தீவனம்தான். இருந்தாலும் 25 சென்ட் நிலத்தில் விதைத்தால் இரண்டு இலை விடும்போதே மான்கள் கடித்து முடித்துவிடும்.

விதைத்த அன்றே, நான்கடி உயரக் கம்பி வலையை மூன்றடி விட்டமுள்ள கூண்டாக வளைத்து வயலின் நடுவில் முளையடித்து நிறுத்துங்கள். கூண்டுக்குள் மான் வாய்படாத பயிர் எவ்வளவு வளர்கிறது, வெளியே எவ்வளவு மிஞ்சுகிறது என்ற வேறுபாடு, நீங்கள் கேட்காத ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு விடை தரும். உள்ளே முழங்கால் உயரமும் வெளியே கட்டாந்தரையும் என்றால், அந்த வட்டாரத்தில் நிலம் தாங்கக்கூடியதைவிட மான்கள் அதிகம். அப்போது தீவனத்தைக் கூட்டுவது தீர்வாகாது. நல்ல ஊட்டமுள்ள பெண் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டிகளை ஈனும். தீவனம் கூடி வேட்டை இல்லாமலிருந்தால் மான்கள் பெருகி, வயலை மட்டுமன்றிச் சுற்றியுள்ள காட்டின் ஓக், மேப்பிள் நாற்றுகளையும் தின்று தீர்க்கும். நீங்கள் வேட்டையாடாதவராக இருந்தால், உரிமம் பெற்ற நம்பகமான ஒருவருக்கு எழுத்து வழியே அனுமதி அளித்து, பெண் மான்களையும் குறைக்கச் சொல்வது பற்றி யோசியுங்கள். சிலருக்கு இது உவப்பாக இராது என்பதை அறிவேன். ஆனால் ஓநாயும் மலைச் சிங்கமும் இல்லாமல் போன இந்தக் காடுகளில் அந்த வேலையைச் செய்ய வேறு யாரும் இல்லை.

சட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மக்காச்சோளத்தைக் குவியலாகக் கொட்டி மான்களை வரவழைப்பதும், நிலத்தில் பயிர் வளர்ப்பதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. பென்சில்வேனியாவில் இரை வைத்து வேட்டையாடுவது பொதுவாகத் தடை செய்யப்பட்டுள்ளது. தீவன வயல் அந்தத் தடைக்குள் வராது. 2012-இல் இந்த மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட, மான்களின் மூளையைத் தாக்கும் ‘சி.டபிள்யூ.டி.’ என்ற பிரியான் நோய்க்கு (உருக்குலைந்த புரதத்தால் பரவும் நோய்) மருந்து இல்லை. நோய் பரப்பும் அந்தப் புரதம் மண்ணில் பல ஆண்டுகள் தங்கும். அந்த நோய்க்கான மேலாண்மைப் பகுதிகளில் மானுக்குத் தீவனம் கொட்டுவதே குற்றம். உங்கள் நிலம் அப்பகுதிக்குள் வருகிறதா என்பதை வனவிலங்குகளையும் வேட்டையையும் நிர்வகிக்கும் மாநில கேம் கமிஷன் வெளியிடும் வரைபடத்தில் ஒவ்வோர் ஆண்டும் பாருங்கள். எல்லைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. குளிர்காலத்தில் இரக்கப்பட்டுச் சோளம் கொட்டுவது வேறொரு வகையிலும் தீங்கு: சுள்ளியும் மொட்டும் செரிக்கப் பழகிய வயிற்றில் திடீரென மாவுச்சத்து சேர்ந்தால் அமிலம் பெருகி, வயிறு நிறைந்த நிலையிலேயே மான் இறந்துபோகக்கூடும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒரு யோசனை. 12 ஏக்கரும் காடாக இருப்பதால், கால் ஏக்கர் வயலோடு நிறுத்தாமல், ஓர் ஏக்கரில் விலைபோகாத செம்மேப்பிள் மரங்களை வெட்டி வீழ்த்தினால், தரையில் வெயில் பட்டு எழும் துளிர்களும் வெட்டிய அடிக்கட்டைகளிலிருந்து கிளைக்கும் தளிர்களும் உழவும் உரமும் இல்லாமலே பல ஆண்டுகளுக்கு மானுக்கு உணவாகும்; வீழ்ந்த மரத்தின் கிளைகளே குளிர்காலத்தில் உடனடித் தீவனம். ஓக் மரங்களைத் தொடாதீர்கள். வெட்டுவதற்கு முன் தரையைப் பாருங்கள்: முழங்கால் அளவுக்குப் பெரணி மண்டிக் கிடந்தால், மான்கள் மற்ற அனைத்தையும் தின்றுவிட்டுத் தமக்குப் பிடிக்காத அதை மட்டும் விட்டுவைத்திருக்கின்றன என்று பொருள். அங்கே மரத்தை வெட்டினால் பெரணிதான் மேலும் தழைக்கும். அதைக் களைக்கொல்லியால் அழித்த பிறகே கோடரியை எடுக்க வேண்டும். எந்த மரத்தை விடுவது, எதை எடுப்பது என்று நேரில் வந்து பார்த்துச் சொல்ல மாநில வனத்துறையில் தனியார் நிலங்களுக்கான வன அலுவலர்கள் இருக்கிறார்கள். மண் மாதிரி அனுப்பும் அதே வாரத்தில் அவர்களையும் அழைத்துவிடுங்கள்.