செவ்வரத்தைக்கு என்ன குறை?

கொழுந்து இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. யூரியா போட்டும் மாறவில்லை. (கிளிநொச்சி)

யூரியாவை நிறுத்துங்கள். யூரியா தரும் தழைச்சத்துக் குறைந்தால் முதலில் அடியிலுள்ள முதிர்ந்த இலைதான் முழுதாக வெளிறும். கொழுந்தில் நரம்பு பச்சையாக இருக்க இடைவெளி மஞ்சளாவது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு கூடிய கிணற்றுத் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி மண் காரமேறினால் அந்த இரும்பு வேருக்கு எடுபடாது. வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படை பிடித்திருக்கிறதா? செடி குடிப்பதும் அதே தண்ணீர்தான்.

மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்துவைத்து, சாடியில் நிற்பவற்றுக்காவது விடுங்கள். நிலத்தில் நிற்பவற்றுக்கு மக்கிய மாட்டெருவும் இலைக்குப்பையும் போதும். அவசரமென்றால் கீலேட் இரும்பை (செடிக்கு எளிதில் எடுபடும் வடிவிலுள்ள இரும்பு உரம்), பொதியில் சொன்ன அளவில் கரைத்து, மாலையில் இலைக்குத் தெளிக்கலாம். அப்புறம், அடுப்புச் சாம்பலைச் செடியடியில் கொட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. சாம்பலும் காரம்தான், இந்தச் செடிக்கு வேண்டாம்.

அடுக்குச் செவ்வரத்தையில் ஆடி மாதம் மொட்டெல்லாம் விரியாமல் உதிர்கிறது. (மல்லாவி)

சோளகக் காற்றில் மண் காய்ந்து கிடக்க, திடீரென்று குடம் குடமாக ஊற்றினாலும் மொட்டுக் கொட்டும். அடியில் வைக்கோல் பரப்பி, அளவாக, விடாமல் தண்ணீர் விடுங்கள்.

அதற்கு முன் விழுந்த மொட்டு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே மிகச் சிறிய வெளிர்மஞ்சள் புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈயின் வேலை. அந்தப் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக வரும். ஆகவே விழுந்தவற்றையும், செடியிலேயே மஞ்சளான மொட்டுகளையும் அன்றாடம் பொறுக்கி, சொப்பிங் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள். மருந்தடிப்பதைவிட இது பலன் தரும் என்பது என் எண்ணம்.

வேலிக் கதியாலாக நடலாமா? (நெடுங்கேணி)

முளைக்கும், ஆனால் மிஞ்சாது. கட்டாக்காலி மாடும் ஆடும் செவ்வரத்தை இலையைக் கண்டால் விடுமா? கிளுவைக் கதியாலும் கம்பியும் வெளியே நிற்கட்டும். செவ்வரத்தையை மாட்டின் கழுத்து எட்டாத தூரத்தில் உள்ளே வையுங்கள்.

பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத் தடி போதும். கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டி, அடி இலைகளைக் களைந்து, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றுங்கள். கார்த்திகை அடைமழையில் அழுகிவிடும். தை, மாசி நல்லது. வேர் வர ஒன்றிரண்டு மாதம் ஆகும், இடையில் இழுத்துப் பார்க்காதீர்கள்.

கிளை உயர்ந்துகொண்டே போகிறது, பூ இல்லை. கோயிலுக்குப் பூ வேண்டும், வெட்டவும் மனமில்லை. (புதுக்குடியிருப்பு)

பூ புதுத்தளிரில்தான் வரும், வெட்டத்தான் வேண்டும். மாரி ஓய்ந்ததும் பாதிக் கிளைகளில் மூன்றிலொரு பங்கைக் குறையுங்கள். அவை தளிர்த்துப் பூத்தபின் மற்றப் பாதி. நல்ல வெயில் படுகிறதா என்றும் பாருங்கள்.

நுனியில் பஞ்சு போல வெள்ளைப் பூச்சி. (ஒட்டுசுட்டான்)

மோசமான நுனிகளை வெட்டி எரியுங்கள். மற்றவற்றில் சவர்க்காரத் தண்ணீரை இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். எறும்புப் புற்றையும் கலைத்துவிடுங்கள், அந்தப் பூச்சிக்குக் காவல் எறும்புதான்.