கன்சோலுக்கு எந்த மானிட்டர்? மலையூர்க் கேள்விகளும் பதில்களும்

குன்னூரில் கேம் கன்சோல், மானிட்டர் பழுது பார்ப்பது என் தொழில். குறைந்த விலை மானிட்டர் பற்றி நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்பவர்கள் எந்தக் கன்சோல் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் இருவருக்கும் நேரம் மிச்சம்.

கோத்தகிரி, கல்லூரி மாணவர்: அண்ணா, பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5) வைத்திருக்கிறேன். 180 ஹெர்ட்ஸ் வாங்குவதா, கொஞ்சம் சேர்த்துப் போட்டு 240 ஹெர்ட்ஸ் வாங்குவதா?

சேர்த்துப் போடாதீர்கள் தம்பி. திரை நொடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றும் என்பதுதான் ஹெர்ட்ஸ். பிஎஸ்5 நொடிக்கு 120 படங்களுக்கு மேல் அனுப்பாது. பெரும்பாலான கேம்கள் 60-லேயே நின்றுவிடும், சில 30-லேயே ஓடும். 240 ஹெர்ட்ஸுக்குக் கொடுக்கும் பணம் கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு உதவும், உங்களுக்கு உதவாது.

இன்னொன்று. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஹெர்ட்ஸ் பெரும்பாலும் டிஸ்ப்ளேபோர்ட் என்ற கம்ப்யூட்டர் இணைப்பு வழியாகக் கிடைப்பது. கன்சோல் எதிலும் டிஸ்ப்ளேபோர்ட் கிடையாது, எச்டிஎம்ஐ மட்டும்தான். ஆகவே விவரப் பட்டியலில் எச்டிஎம்ஐ வரியைத் தேடிப் படியுங்கள். எச்டிஎம்ஐ 2.0 இருந்தால் 1440பி தெளிவில் (1080பி அதைவிடக் குறைந்த தெளிவு, 4கே அதைவிட அதிகம்) 120 ஹெர்ட்ஸ் தாராளமாக வரும். பழைய 1.4 என்றால் 1080பி-யில்தான் 120. எச்டிஎம்ஐ 2.1 என்று ஒட்டியிருப்பதை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது. 2.1-இன் வசதிகளில் பல கட்டாயமில்லை என்பதால், 2.0 அளவுக்கே வேலை செய்யும் போர்ட்டுக்கும் அந்தப் பெயரை வைக்கிறார்கள். '4கே, 120 ஹெர்ட்ஸ், எச்டிஎம்ஐ வழியாக' என்று எழுத்தில் இருந்தால்தான் நம்ப வேண்டும்.

பிஎஸ்5-க்கு 1440பி வசதியை சோனி 2022 செப்டம்பரில்தான் கொடுத்தது. அதற்கு முந்தைய கட்டுரைகளைப் படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம். 27 அங்குலம், 1440பி, ஐபிஎஸ் (எல்சிடி திரையில் ஒரு வகை), எச்டிஎம்ஐயில் 120: உங்களுக்கு அது போதும்.

அதே மாணவர்: ஃப்ரீசிங்க் இருந்தால் படம் கிழியாது என்கிறார்களே?

இரண்டு படங்களின் துண்டுகள் ஒரே நேரத்தில் திரையில் தெரிவதைத்தான் கிழிவது என்கிறார்கள். படங்கள் வரும் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்வதுதான் ஃப்ரீசிங்க். எக்ஸ்பாக்ஸுக்கு ஃப்ரீசிங்க் போதும். பிஎஸ்5 ஃப்ரீசிங்கைக் கண்டுகொள்ளாது, எச்டிஎம்ஐ 2.1-இல் வரும், இதே வேலையைச் செய்யும் விஆர்ஆர்தான் அதற்கு வேண்டும். இதற்காக மட்டும் பட்ஜெட்டை உயர்த்தாதீர்கள்.

உதகை: நல்ல மானிட்டர் ஒன்று சொல்லுங்கள்.

எந்தக் கன்சோல்?

கொடைக்கானல், ஒரு தாய்: மகன் பத்தாம் வகுப்பு. பழைய பிஎஸ்4 இருக்கிறது. மானிட்டர் வாங்கினால் பாட்டு, வசனம் எல்லாம் கேட்குமா?

முதலில் திரையைப் பார்த்துவிடுவோம் அம்மா. சாதாரண பிஎஸ்4 1080பி-க்கு மேல் அனுப்பாது, 1440பி அதற்குத் தெரியவே தெரியாது. கடைக்காரர் 1440பி-யைக் காட்டி 'எதிர்காலத்துக்கு உதவும்' என்பார். இன்றைக்குப் படம் மங்கலாகத் தெரியும் என்பதைச் சொல்ல மாட்டார். 24 அங்குலம் 1080பி வாங்குங்கள்.

ஒலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேட்டீர்கள். பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே கிடையாது, இருந்தாலும் அதன் குரல் அடுத்த அறைக்குக் கேட்காது. பின்புறம் ஹெட்போன் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வீட்டில் இருக்கும் சாதாரண ஸ்பீக்கரை அதில் செருகிவிடலாம். இல்லையென்றால் கன்ட்ரோலரின் அடியிலேயே ஹெட்போன் செருகலாம். தேர்வு நேரத்தில் அது வீட்டுக்கும் நல்லது.

பூம்பாறை: வளைந்த விஏ (எல்சிடியில் இன்னொரு வகை) திரை வாங்கினேன். காலையில் இருட்டான காட்சிகளில் ஆள் நகர்ந்தால் பின்னால் கறுப்பு நிழல் இழுபடுகிறது. மதியம் சரியாகிவிடுகிறது. பழுதா?

பழுதில்லை, குளிர். எல்சிடி திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் குளிர்ந்தால் தடித்துப்போகும், திரும்புவதற்கு நேரமெடுக்கும். கறுப்பிலிருந்து அடர்சாம்பலுக்கு மாறுவதில் விஏ ஏற்கெனவே மந்தம். பூம்பாறையின் மார்கழிக் காலையில் அது இன்னும் மந்தமாகிவிடும். விளையாடுவதற்கு அரை மணி நேரம் முன்பே திரையைப் போட்டுவிடுங்கள். மானிட்டர்களை அளந்து எழுதுபவர்களும் சூடேறிய பிறகுதான் அளக்கிறார்கள். அமைப்பில் 'ஓவர்டிரைவ்' (திரைப் புள்ளிகளை வேகமாக மாற்றுவது) என்று ஒன்று இருக்கும், அதை ஒரு படி ஏற்றுங்கள். மிக அதிகம் வைத்தால் நிழலுக்குப் பதில் வெள்ளை ஓரம் தெரியும்.

உயரமான ஊர்களில் இருப்பவர்களுக்கு நான் ஐபிஎஸ் சொல்வதன் காரணம் இதுதான்.

உதகை, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்: இதை மறுக்கிறேன். பின்னொளியின் சூட்டில் திரை சிறிது நேரத்தில் அறையைவிட வெப்பமாகிவிடுகிறது. சென்னையிலும் விஏ நிழல் இழுக்கத்தான் செய்கிறது. குளிரைக் குறைசொல்லி ஒரு நல்ல வகையை ஒதுக்குகிறீர்கள்.

சென்னையிலும் இழுக்கும் என்பது சரி ஐயா, அது விஏயின் பிறவிக்குணம். இங்கே கூடுதலாக இழுக்கும் என்பதுதான் என் பேச்சு. பின்னொளி சூடேற்றும் என்பதும் சரி. ஆனால் இப்போதைய எல்இடி பின்னொளி 25, 30 வாட்தான் இழுக்கிறது. ஹீட்டர் இல்லாத அறையில் அதன் சூடு திரையில் நிலைக்க நேரமாகும். பூம்பாறைக்காரருக்கு மதியம் சரியாகிறது என்றால் காரணம் வேறென்ன?

வட்டக்கானல், விருந்தினர் இல்லம் நடத்துபவர்: ஆசிரியர் பக்கம் நான். இரவில் விளக்கணைத்து விளையாடினால் ஐபிஎஸ் திரையின் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது, மூலைகளில் ஒளி கசிகிறது.

தெரியும். ஐபிஎஸ்ஸின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம்) 1000-க்கு 1 அளவில், விஏவின் கான்ட்ராஸ்ட் 3000-க்கு 1 அளவில். இருட்டறைக்கு விஏதான் அழகு. திரைக்குப் பின்னால் சிறிய விளக்கு ஒன்று வையுங்கள், சாம்பல் கண்ணுக்குத் தெரியாது. விளக்கே வேண்டாம், மெதுவாக நகரும் கதை கேம்கள்தான் ஆடுவேன் என்றால் விஏ வாங்குங்கள், தடுக்கவில்லை. சுடும் கேம், பந்தய கேம் ஆடுபவர்கள் மட்டும் என் பேச்சைக் கேட்டால் போதும்.

உதகை ஆசிரியர் மீண்டும்: குளிரைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், உயரத்தை விட்டுவிட்டீர்கள். என் மானிட்டரின் அடாப்டரில் மலை வரைந்து 2000 மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. உதகை 2,240 மீட்டர். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு தேநீர் வாங்கித் தரலாம் ஐயா. அது சீனப் பாதுகாப்புத் தரத்தின் குறி. 2000 மீட்டர் உயரம் வரைக்குமே பாதுகாப்பு பரிசோதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் மின்பொறி எளிதாகத் தாவும். அதனால் உள்ளே கம்பிகளுக்கிடையே கூடுதல் இடைவெளி வேண்டும். 3000 மீட்டருக்கு 14 சதவீதம் கூட்டச் சொல்கிறது சர்வதேச விதி. 2,240 மீட்டரில் வித்தியாசம் சிறிது. அடாப்டர் நாளைக்கே புகைந்துவிடாது. இருந்தாலும் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் 5000 மீட்டர் குறியிட்டதை எடுங்கள். குன்னூர் 1,850 மீட்டர், எங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

வட்டக்கானல்: அப்படியானால் பிஎஸ்5-இன் விசிறியும் இங்கே பலவீனமா?

மெலிந்த காற்று குறைவாகச் சூட்டை எடுக்கும், குளிர்ந்த காற்று அதை ஈடுகட்டிவிடும். கன்சோலைக் கணப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். உயரத்தை இத்துடன் விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

அரவங்காடு: எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ். 165 ஹெர்ட்ஸா, 180 ஹெர்ட்ஸா?

எதுவானாலும் 120தான். எச்டிஎம்ஐ வரியைப் படியுங்கள். மேலே எழுதியிருக்கிறேன்.

கூடலூர்: நின்டெண்டோ ஸ்விட்ச் 2. தென்மேற்குப் பருவமழையில் வீடே ஈரமாகிவிடும், இடியும் உண்டு.

டாக்கில் (திரையோடு இணைக்கும் தாங்கி) வைத்தால் ஸ்விட்ச் 2 4கே-யில் 60, 1440பி-யிலோ 1080பி-யிலோ 120 தரும். ஆகவே கோத்தகிரித் தம்பிக்குச் சொன்ன திரையே உங்களுக்கும். விஆர்ஆர் கையில் வைத்து ஆடும்போது மட்டும்தான் உண்டு. அதற்காகக் கூடுதல் பணம் வேண்டாம்.

மழைக்கு: மாதக்கணக்கில் மூடிப் போட்டு வைக்காதீர்கள், தினமும் கொஞ்ச நேரம் ஓடட்டும். குளிரில் வந்த பார்சலை உடனே பிரித்துச் சூடான அறையில் மின்சாரம் கொடுக்காதீர்கள், சில மணி நேரம் பெட்டியிலேயே கிடக்கட்டும். இடி கேட்டால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். செம்புக் கம்பியில் இணையம் வந்தால் அதையும். பாறை நிலத்தில் எர்த் சரியாக அமைவது அபூர்வம். எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

குன்னூர்: எச்டிஆர் 400 போட்டிருக்கிறது. விலை ஆயிரத்து ஐந்நூறு அதிகம்.

வேண்டாம். எச்டிஆர் என்பது ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகமாகக் காட்டும் வசதி. அந்தத் தரத்துக்குத் திரையின் பகுதிகளைத் தனித்தனியே இருட்டாக்கும் வசதி கட்டாயமில்லை. கன்சோலில் எச்டிஆரை அணைத்துவிட்டு விளையாடினால் பெரும்பாலும் படம் நன்றாகவே இருக்கும்.

தாண்டிக்குடி: பிஎஸ்4. புது மானிட்டரில் எல்லாம் வெளுத்துத் தெரிகிறது.

கன்சோல் அமைப்பில் 'ஆர்ஜிபி ரேஞ்ச்' (கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவு) பாருங்கள். கன்சோலும் மானிட்டரும் ஒரே அளவில் இருக்க வேண்டும்: இரண்டும் ஃபுல் அல்லது இரண்டும் லிமிடெட். ஒன்று இப்படி, ஒன்று அப்படி என்றால் வெளுக்கும், அல்லது கறுப்பில் விவரம் மூழ்கும்.

கொடைக்கானல்: 1 மில்லிசெகண்ட் என்று போட்டிருக்கிறதே, நல்லதா?

திரைப் புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரம் அது. எல்லாப் பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. பொருட்படுத்த வேண்டாம்.

உதகை: லேப்டாப்புக்கும் சேர்த்துப் பயன்படுத்த எது?

கம்ப்யூட்டர் விற்பவரிடம் கேளுங்கள்.

குன்னூர்: பிஎஸ்5-க்கு 240 ஹெர்ட்ஸ் வாங்கலாமா?

முதல் கேள்வியைப் படியுங்கள்.