கட்டித்தழுவலுக்குப் பின் வந்த கோரிக்கைக் கடிதம்

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். 1993 உயர்தர வகுப்பின் பழைய மாணவர் ஒன்றுகூடல் கடந்த ஆகஸ்டில் பம்பலப்பிட்டியில் நடந்தது. பள்ளியிலிருந்தே எனக்கும் ஒருவருக்கும் ஆகாது. ஆனாலும் 2011இல் நண்பர்கள் சேர்த்துவைத்து, இருவருமாகப் புறக்கோட்டையில் சேலைக் கடை போட்டோம். இரண்டு வருடத்தில் முறிந்தது. 2014 மார்ச்சில், 18 இலட்சம் ரூபாவை அந்த வருடம் டிசம்பர் 31க்குள் அவருக்குத் தருவேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் அள்ளிக்கொண்டு போன சரக்கு அதற்கும் மேல் பெறும் என்பதால் ஒரு சதமும் கொடுக்கவில்லை. 2016இல் அவர் கனடா போய்விட்டார். ஒன்றுகூடலுக்கு வந்தவர் என்னைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டார். அன்றிரவே வாட்ஸ்அப்பில், "மச்சான், அந்தப் பழைய 18 இலட்சம் நினைவிருக்கிறதா? அவசரம் இல்லை. நீ ஒரு வார்த்தை சொன்னால் என் மனம் ஆறும்" என்று எழுதினார். நான் நெகிழ்ந்துபோய், "மறப்பேனா மச்சான்? உன் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துவிடுகிறேன்" என்று பதில் போட்டேன். வகுப்பு நிதிக்கென்று தெகிவளையில் இருக்கும் தன் அக்காவின் கணக்குக்கு 10,000 ரூபா போடச் சொன்னார்; போட்டேன். இப்போது அவருடைய சட்டத்தரணியிடமிருந்து பதிவுத் தபாலில் கடிதம் வந்திருக்கிறது. என் செய்தி கடனை ஒப்புக்கொண்டதாம், 10,000 ரூபா முதல் தவணையாம், 14 நாளில் முழுத்தொகையும் வட்டியோடு கட்ட வேண்டுமாம். அவர் மேல் பொலிஸில் மோசடி முறைப்பாடு செய்யலாமா? அந்தச் செய்தியை அழித்துவிடலாமா? வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைச் சொல்லலாமா? டிசம்பரில் இராப்போசனமும் இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தின் முதல் இரண்டு பக்கங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்தவை. மாணவர் தலைவர் பதவி, அதிபரிடம் போன பொய்ப் புகார், பரிசளிப்பு விழா எல்லாவற்றையும் படித்தேன். இங்கே சுருக்கியபோது வெட்டிவிட்டேன், மன்னிக்கவும். புதுக்கடை நீதிமன்றத்தில் எந்த நீதிபதியும் அவற்றைக் கேட்கப்போவதில்லை. அவர் என்ன எண்ணத்தோடு உங்களைத் தழுவினார் என்பதையும் கேட்கப்போவதில்லை. நீங்கள் என்ன எழுதினீர்கள் என்பதைத்தான் கேட்பார்கள்.

ஆனால் அந்தத் தழுவலில் உங்களுக்குச் சாதகமான ஒரு சேதி இருக்கிறது. நல்ல வழக்கு கையில் இருப்பவர் ஒன்றுகூடலுக்கு வந்து மன்னிப்புக் கேட்பதில்லை. நேரே வழக்குப் போடுவார். இவரிடம் யாரோ ஒரு சட்டத்தரணி, "இந்தத் தாள் செத்துவிட்டது, உயிர் கொடுக்க அவருடைய எழுத்து வேண்டும்" என்று சொல்லியிருக்க வேண்டும். என் ஊகம்தான், ஆனால் அந்த வாட்ஸ்அப் வாசகத்தை மறுபடி பாருங்கள். தொகையை அவரே எழுதுகிறார். உங்களிடம் பணம் கேட்கவில்லை, ஒரு வார்த்தைதான் கேட்கிறார்.

தாள் எப்படிச் செத்தது என்றால், 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுத்திலுள்ள உடன்படிக்கையை வைத்துப் பணம் கேட்க ஆறு வருடம்தான் அவகாசம். உங்கள் தவணை 2014 டிசம்பர் 31இல் முடிந்தது. ஆறு வருடம் 2020இன் கடைசியில் தீர்ந்தது. அது கொரோனாக் காலம் என்பதை எதிர்த்தரப்பு நிச்சயம் பிடித்துக்கொள்ளும். உரிய காலத்தில் செயற்பட முடியாமல் போனவர்களுக்கு இடம் கொடுக்க 2021இல் 17ஆம் இலக்கச் சட்டம் வந்தது உண்மை. ஆனால் அது தற்காலிகமானது. முடங்கிக் கிடந்த காலம் போய், விமானங்கள் ஓடத் தொடங்கிய பிறகும் இத்தனை வருடம் அவர் சும்மா இருந்ததற்கு அதில் மருந்து இல்லை. "கடல் கடந்து இருந்தேன்" என்ற வாதமும் அவருக்கு எடுபடுவது கடினம். தவணை தவறிய அன்று அவர் கொழும்பில்தான் இருந்தார், போனது 2016இல். அந்தத் திகதியை நிறுவ உங்களிடம் என்ன இருக்கிறது என்று இப்போதே தேடுங்கள்.

இனிக் கசப்பானது. அதே கட்டளைச் சட்டம், கடன்பட்டவர் கையெழுத்திட்ட எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டாலோ தருவதாக வாக்களித்தாலோ, காலம் கடந்துவிட்டது என்ற தடையை விலக்க இடம் வைத்திருக்கிறது. வாயால் சொன்னது போதாது. மேசையில் கட்டிப்பிடித்தபடி நீங்கள் நூறு தடவை தலையாட்டியிருந்தாலும் பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் எழுதியதுதான் சிக்கல். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தைத் தள்ளிவிட முடியாது என்கிறது. காணி விற்பனை, அட்டோர்னித் தத்துவம், மரண சாசனம் போன்றவற்றுக்கு அது பொருந்தாது. கடன் ஒப்புதல் அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. ஆகவே வாதம் "இது எழுத்தா" என்பதில் நிற்காது. "இது கையெழுத்திட்ட எழுத்தா" என்பதில் நிற்கும். உங்கள் பெயரும் இலக்கமும் செய்தியின் தலையில் இருப்பதே கையெழுத்து என்பார்கள். நட்பு அரட்டையில் போட்ட ஒரு வரியைக் கையெழுத்தாக எண்ணி எவரும் அனுப்புவதில்லை என்று நாம் சொல்வோம். இரண்டு பக்கமும் பேச இடமுண்டு. "தீர்த்துவிடுகிறேன்" என்ற சொல் மட்டும் இல்லாதிருந்தால் இன்னும் நிம்மதியாக எழுதியிருப்பேன். "மறப்பேனா" என்பது ஞாபகம், "தீர்த்துவிடுகிறேன்" என்பது வாக்கு.

10,000 ரூபா விஷயம் வேறு. பகுதிப் பணம் கட்டினாலும் பழைய கடன் உயிர் பெறலாம். ஆனால் அந்தப் பணம் அந்தக் கடனுக்காகவே கட்டப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய வங்கிச் சீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குறிப்பு என்ற கட்டத்தில் "ஒன்றுகூடல் நிதி" என்று இருக்கிறது. யோசிக்காமல்தான் தட்டச்சு செய்திருப்பீர்கள், ஆனால் உங்கள் தரப்பில் இதைவிடப் பெறுமதியான ஆவணம் வேறில்லை. அந்தச் சீட்டை அச்செடுத்து, அந்த மாத வங்கிக் கூற்றோடு சேர்த்து வையுங்கள். அக்காவின் கணக்குக்கு நிதி அனுப்பச் சொன்ன அவருடைய செய்தியும் வேண்டும்.

அதனால்தான் செய்தியை அழிக்கக் கூடாது. உங்கள் கைபேசியில் அழித்தால் அவருடைய கைபேசியில் அழியாது. உங்களுக்கு உதவும் வரிகள்தான் உங்களிடமிருந்து போகும், அதோடு நீதிமன்றத்தில் ஒளித்தவர் என்ற பெயரும் வரும். "அவசரம் இல்லை, மனம் ஆறும்" என்ற வரி உங்களுக்கு வேண்டும். உரையாடல் முழுவதையும் முதலிலிருந்து சேமித்து வையுங்கள்.

கோரிக்கைக் கடிதத்துக்கு மௌனம் பதிலாகாது. இதைப் பலர் தவறாக எண்ணியிருக்கிறார்கள்: பதில் போட்டால் மாட்டிக்கொள்வோம், பேசாமல் இருப்போம் என்று. 1948இல் தீர்ப்பான சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கு முதல் நம் நீதிமன்றங்கள் சொல்லிவருவது வேறு. வியாபார விடயத்தில் ஒருவர் இன்னின்னது நடந்தது என்று எழுதினால், மறுப்பவர் மறுத்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஆகவே 14 நாளுக்குள் சட்டத்தரணி மூலம் பதில் போக வேண்டும். குறுகிய பதில்: கடன் மறுக்கப்படுகிறது, 10,000 ரூபா வகுப்பு நிதிக்கானது, கோரிக்கை காலம் கடந்தது. நீங்களே உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதாதீர்கள். உங்கள் எழுத்து எப்படிப் போகும் என்று எனக்கு இப்போது தெரியும்.

வழக்குப் போட்டு அழைப்பாணை வந்தால் இரண்டு விடயம். காலம் கடந்தது என்பதை நீதிமன்றம் தானாக எடுத்துக்கொள்ளாது, உங்கள் மறுமொழியில் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால் இதுவரை எழுதியது அத்தனையும் வீண். அடுத்து, நீதிமன்றம் குறித்த வழக்குத் தவணையைத் தவறவிடாதீர்கள். நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகி, தீர்ப்பாணை உங்களுக்குச் சேர்ப்பிக்கப்பட்டால், தகுந்த காரணம் காட்டி அதை நீக்கக் கேட்க 14 நாள்தான் இருக்கிறது.

அவர் அள்ளிப்போன சரக்கின் பெறுமதியை எதிர்க்கோரிக்கையாகப் போடலாமா என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். எழுத்து எதுவும் இல்லாத கோரிக்கைக்கு மூன்று வருடம்தான் கணக்கு, அது அவருடையதைவிட முன்பே போய்விட்டது. நீங்கள் ஏன் பணம் கொடுக்கவில்லை என்பதற்கு விளக்கமாக மட்டும் அது பயன்படும். சரக்குப் பட்டியல் இருந்தால் கொண்டுவாருங்கள்.

பொலிஸில் மோசடி முறைப்பாடு வேண்டாம். போலியாக மன்னிப்புக் கேட்பது குற்றமல்ல, அப்படியிருந்தால் கொழும்பில் சிறை போதாது. நிதிக்கென்று வாங்கிய 10,000 ரூபா நிதிக்குப் போகவில்லை என்றால் அதில் ஏதோ இருக்கிறது. ஆனால் அதை முறைப்பாடாக்காமல் வழக்கில் அவருடைய நேர்மையைச் சோதிக்க வைத்திருப்பது மேல். அவரே கடனுக்கான தவணை என்று தன் சட்டத்தரணி மூலம் எழுதிவிட்டார். நிதிக்கென்று கேட்ட செய்தி உங்கள் கையில் இருக்கிறது. குறுக்கு விசாரணையில் அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க யாருக்கும் கை துறுதுறுக்கும்.

வகுப்புக் குழுவில் எழுதவும் வேண்டாம். 2002இல் அவதூறு குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது, ஆனால் நட்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமை அப்படியே இருக்கிறது. 18 இலட்சத்துக்குப் பதில் சொல்லும்போது இன்னொரு வழக்கை வலிய அழைக்காதீர்கள். அதோடு, கோபத்தில் நீங்கள் அங்கே எழுதப்போகும் விளக்கத்தில் "நான் கையெழுத்திட்டது உண்மைதான், ஆனால்" என்று ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்கும். அதுவும் எழுத்துத்தான்.

அவர் அடுத்து சமரசத்துக்கு வருவார் என்று நினைக்கிறேன். "மாதாமாதம் ஒரு இலட்சம், பின்திகதியிட்ட காசோலையாகக் கொடு" என்பார். கொடுக்காதீர்கள். இப்போது அவரிடம் இருப்பது சர்ச்சைக்குரிய ஒரு பழைய தாள். காசோலை கொடுத்தால் அவரிடம் புதிய, சுத்தமான ஆவணம் வந்துவிடும். காசோலையை வைத்துச் சுருக்க நடைமுறையில் வழக்குப் போட்டால், எதிர்வாதம் செய்வதற்கே நீங்கள் நீதிமன்றத்தின் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். பணமில்லாமல் திரும்பினால் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் குற்றமும் ஆகலாம்.

கொடுக்க வேண்டிய கடன்தானே என்று உங்கள் மனம் ஒருபக்கம் சொல்வது கடிதத்தின் வரிகளுக்கிடையே தெரிகிறது. அது சட்டத்தின் வேலையல்ல, நான் தடுக்கவும் மாட்டேன். ஒரு தொகைக்கு இணங்குவதானால், சட்டத்தரணிகள் ஊடாக, "உரிமைகளுக்குப் பங்கமின்றி" என்ற வெளிப்படையான நிபந்தனையில் பேச்சு நடக்கட்டும். அப்படிப் பேசியது சாட்சியத்தில் வராது. ஒரே தடவையில் பணம், இருவருக்கும் இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற கையெழுத்து, 2014 தாளின் மூலப்பிரதி உங்கள் கையில். மூன்றும் ஒரே மேசையில், ஒரே நாளில்.

டிசம்பர் இராப்போசனத்துக்குப் போங்கள். நீங்கள் போகாமல் விட்டால் அவர் சொல்லும் கதைதான் வகுப்பில் நிற்கும். அவர் உங்கள் மேசைக்கு வந்து தோளில் கை வைத்தால் கையைத் தட்டிவிட வேண்டாம். பணப் பேச்சை எடுத்தால் மட்டும், "அது சட்டத்தரணிமார் பேச வேண்டியது" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பாருங்கள். வீடு திரும்பியபின் வரும் எந்தச் செய்திக்கும், "நல்லா வந்து சேர்ந்தாயா" என்பதற்குக்கூட, பதில் போடாதீர்கள்.