அருவி நடுவில் ப்ரூசிக் இறுகிக்கொண்டால்

குளிர்ந்த அருவியில் கயிறு பிடித்து இறங்கும்போது பாதியில் ப்ரூசிக் முடிச்சு (இறங்கும் கயிற்றைச் சுற்றிப் போடும், பாரம் விழுந்தால் இறுகிப் பிடிக்கும் பாதுகாப்பு முடிச்சு) இறுகி, கொட்டும் தண்ணீருக்கடியில் மாட்டிக்கொண்டதாகவும், விரல் மரத்துப்போய் அதை அவிழ்க்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த முடிச்சுக்கு இன்னும் தடித்த சுருக்குக் கயிறு வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். காய்ந்த பாறையில் உயிரைக் காக்கும் அதே முடிச்சு, நீர்ப்பெருக்குக்குள் ஆளைப் பிடித்து வைத்துவிடும். அங்கே விழுவதைவிட நின்றுபோவதுதான் பெரிய ஆபத்து. தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். விரல் மரக்க அதிக நேரம் ஆகாது.

மேலே கயிற்றை மன்ட்டர் மியூல் என்ற முடிச்சு போல, பாரத்தோடு அவிழ்த்துவிடக்கூடிய முறையில் கட்டுங்கள். மீதிக் கயிறு மேலேயே பையில் இருக்கட்டும். நீங்கள் சிக்கினால் மேலே இருப்பவர் கயிற்றைத் தளர்த்தி உங்களைக் கீழே இறக்கிவிடலாம். கடைசியாக இறங்குபவருக்கு இந்த வசதி கிடையாது, அதனால் அவர் அனுபவசாலியாக இருக்க வேண்டும். கீழே நிற்பவர் கயிற்றை இழுத்துப் பிடித்து அவர் வேகத்தை அடக்கலாம்.

கயிற்றின் முனை குளத்தைத் தொட்டால் போதும். நீந்தி விலக வேண்டிய இடத்தில் கயிற்று நுனியில் தடுப்பு முடிச்சு போடவே கூடாது. விசில் சைகைகளையும் முன்பே பேசிவையுங்கள், இரைச்சலில் கத்தினால் கேட்காது.

அப்புறம், கயிறு எத்தனை மில்லிமீட்டர், எந்த இறங்கு கருவி என்று எழுதுங்கள். இறங்கும் வேகத்தை அடக்க உராய்வை எப்படிக் கூட்டுவது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.